ஃபாங்கியோவா, சென்னாவா, ஹமில்டனா? வேறுவேறு காலத்துப் பந்தயச் சாரதிகளை ஒப்பிடும் முறை

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நாலு பெடியள் கூடி, கார்ப் பந்தயத்தின் உச்சமான ஃபோர்முலா வன் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், கதை கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்: எல்லாக் காலத்திலும் பெரிய சாரதி யார்? ஒருவர் ஹமில்டன் என்பார். மற்றவர் வெர்ஸ்டப்பன் என்பார். பக்கத்தில் இருக்கிற அண்ணை ஷூமாக்கரைக் கொண்டுவருவார். அதன்பிறகு சத்தம் கூடும், விசயம் கூடாது.

வன்னியில் இந்தப் போட்டிகளைப் பார்க்கிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் நடக்கும் பந்தயங்கள் பெரும்பாலும் எங்கள் நேரத்துக்கு ஞாயிறு மாலை 6.30க்குத் தொடங்கும், வேலை, வயல் எல்லாம் முடிந்து இருக்கிற நேரம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணித்தியாலப் போட்டியில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் எடுத்த பிறகு இந்தப் பக்கம் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்குத்தான். ஒரு கொப்பியும் பேனையும் கைபேசியில் இருக்கிற கல்குலேட்டரும் போதும்.

அடிப்படை விதி இதுதான். 1957இல் ஓடியவரையும் 2023இல் ஓடியவரையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். ஒவ்வொருவரையும் முதலில் அவருடைய காலத்தில், அதே நாளில், முடிந்தால் அதே காரில் ஓடியவரோடு ஒப்பிடுங்கள். அங்கே தெரியும் இடைவெளியைத்தான் ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குக் கொண்டுபோகலாம். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த இடைவெளியைச் சரியாக அளப்பதற்கானவை.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

"யார் பெரிய ஆள்" என்ற கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. ஒரே ஒரு சுற்றில் யார் வேகம்? ஒரு முழு வருடத்தில் யார் அதிகம் சேர்க்கிறார்? மழையில் யார்? வேறு வகை வண்டியில் ஏற்றிவிட்டாலும் யார் வெல்வார்? கொப்பியின் முதல் பக்கத்தில் இதில் எதைக் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். கேள்வி மாறினால் விடையும் மாறும்.

மழையைக் கேட்டால் இரண்டு பெயர்கள் உடனே வரும். 1968இல் ஜேர்மனியின் நூர்பூர்க்ரிங்கில் மழையும் பனிமூட்டமும் மூடியிருந்த நாளில் ஜக்கி ஸ்டூவர்ட் இரண்டாவதாக வந்தவரை நான்கு நிமிடத்துக்கு மேல் பின்னால் விட்டு வென்றார். 1993இல் இங்கிலாந்தின் டொனிங்டனில் அயர்ட்டன் சென்னா தொடக்கத்தில் ஐந்தாம் இடத்துக்கு இறங்கி, முதல் சுற்று முடிவதற்குள்ளேயே எல்லோரையும் தாண்டி முன்னுக்கு வந்தார்.

வேறு வண்டியில் யார் என்று கேட்டால் பட்டியலே வேறு. மோட்டார் சைக்கிள் ஓடாத வீடு வன்னியில் குறைவு என்பதால் ஜோன் சர்ட்டீஸின் பெயரைக் கட்டாயம் தெரிந்துவைத்திருங்கள்: 500 சிசி மோட்டார் சைக்கிளில் 1956, 1958, 1959, 1960 ஆண்டுகளில் உலக சம்பியன், பிறகு 1964இல் ஃபோர்முலா வன் உலக சம்பியன். இரண்டு சக்கரத்திலும் நாலு சக்கரத்திலும் இந்த உச்சத்தைத் தொட்டவர் அவர் ஒருவரே. கிரகாம் ஹில் மொனாக்கோவிலும், இன்டியானாபொலிஸ் 500இலும், லு மான் 24 மணித்தியாலத்திலும் வென்றார். அந்த மூன்றையும் வென்ற வேறு யாரும் இல்லை. மொத்த வெற்றிப் பட்டியலின் மேல்வரிசையில் இந்த இரண்டு பெயர்களும் இராது.

மொத்தத்தை விட்டுவிட்டு வீதத்தைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்களை முதலில் ஏமாற்றுவது மொத்த எண்ணிக்கை. உலக சம்பியன் தொடர் தொடங்கிய 1950இல் அந்த வருடம் முழுக்க ஏழே பந்தயங்கள்தான். 2024இல் 24. இன்றைய சாரதி ஒருவர் இரண்டு வருடத்தில் ஓடும் பந்தயங்களை அன்றைய சாரதி ஓடி முடிக்க ஏழு வருடமாவது வேண்டும். ஆகவே வெற்றிகளை ஓடிய பந்தயங்களால் வகுத்துப் பாருங்கள்.

ஹுவான் மனுவல் ஃபாங்கியோ 51 பந்தயங்களில் 24 வெற்றி, நூற்றுக்கு 47. அல்பேர்ட்டோ அஸ்காரி 32இல் 13. நூற்றுக்கு 40க்குச் சற்று மேல். ஜிம் கிளார்க் 72இல் 25. நூற்றுக்கு 35 அளவில். மைக்கல் ஷூமாக்கர் 306இல் 91. நூற்றுக்கு 30க்கு ஒரு நூல் குறைவு. லூயிஸ் ஹமில்டன் 2024 முடிவு வரை 356இல் 105. கிட்டத்தட்ட ஷூமாக்கரின் அளவே. சென்னாவும் அலன் புரொஸ்ட்டும் நூற்றுக்கு 25ஐத் தாண்டி ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 105 எங்கே, 24 எங்கே என்று நினைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு புதிய படத்தைக் காட்டும்.

ஆனால் வீதமும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. ஷூமாக்கர் 2006இல் ஓய்வுபெற்று, 2010இல் 41 வயதில் திரும்பி வந்து மூன்று வருடம் ஓடினார். அதில் ஒரு வெற்றியும் இல்லை. அந்த மூன்று வருடத்தை ஒதுக்கினால் அவருடைய வீதம் 36க்கு மேலே போகிறது. அஸ்காரியின் பெரிய வருடங்களான 1952, 1953இல் உலக சம்பியன் தொடர் ஒரு படி கீழான ஃபோர்முலா டூ விதிகளில் நடந்தது, ஃபெராரிக்கு எதிராக நிற்கக்கூடிய கார் அதிகம் இருக்கவில்லை. ஃபாங்கியோவின் 24 வெற்றிகளிலும் இரண்டு, பந்தயத்தின் நடுவில் காரை இன்னொருவரோடு மாற்றி ஓடிப் பங்குபோட்டவை; அந்தக் காலத்தில் அதற்கு விதி இடம் கொடுத்தது. வீதத்துக்குப் பக்கத்தில் இப்படியான குறிப்புகளுக்கு ஒரு நிரல் விட்டுவைத்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

புள்ளிகளை அப்படியே எடுக்காதீர்கள்

புள்ளிகளை வைத்து இரண்டு காலத்தை ஒப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுங்கள். வெற்றிக்கு 1950களில் 8 புள்ளி, 1961இலிருந்து 9, 1991இலிருந்து 10, 2010இலிருந்து 25. முன்பு முதல் ஐந்து அல்லது ஆறு பேருக்குத்தான் புள்ளி கிடைத்தது, இப்போது பத்துப் பேருக்கு. 1950களில் வேகமான சுற்றுக்கும் ஒரு புள்ளி இருந்தது. 1954 பிரித்தானிய கிராண்ட் பிரியில் (தொடரின் பந்தயங்களுக்கு அந்தப் பெயர்தான்) நேரத்தை முழுச் செக்கனாகவே எடுத்தார்கள். ஏழு பேர் ஒரே நேரத்தில் நின்றதால் அந்த ஒரு புள்ளியை ஏழாக வெட்டிக் கொடுத்தார்கள். ஃபாங்கியோ, மொஸ், அஸ்காரி மூவரும் அந்த ஏழு பேரில் இருந்தார்கள்.

அதைவிடக் குழப்பம் தருவது, 1990 வரை இருந்த ஒரு விதி. வருடத்தின் எல்லாப் புள்ளிகளும் கணக்கில் வராது, குறிப்பிட்ட எண்ணிக்கையான நல்ல முடிவுகள் மட்டும்தான் வரும். 1963இல் கிளார்க் 10 பந்தயங்களில் ஏழை வென்று 73 புள்ளி எடுத்தார். கணக்கில் வந்தது 54 மட்டும்: ஆறு வெற்றிகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது. ஏழாவது வெற்றிக்கு ஒரு புள்ளியும் சேரவில்லை. 1988இல் இந்த விதிதான் சம்பியனையே தீர்மானித்தது. புரொஸ்ட் மொத்தம் 105 எடுத்தார், சென்னா 94. சிறந்த 11 முடிவுகளை மட்டும் கூட்டியபோது சென்னாவுக்கு 90, புரொஸ்ட்டுக்கு 87. சம்பியன் சென்னா.

இதற்கு ஒரே வழி, ஒப்பிடும் எல்லோரையும் ஒரே அட்டவணையில் போடுவது. செய்து பாருங்கள்: 2002இல் ஷூமாக்கர் 17 பந்தயங்களில் 11இல் முதலாவது, ஐந்தில் இரண்டாவது, ஒன்றில் மூன்றாவது. அன்றைய கணக்கில் 144 புள்ளி. இன்றைய கணக்கில் 11 தரம் 25, ஐந்து தரம் 18, ஒரு 15, கூட்டினால் 380. இதை வெர்ஸ்டப்பனின் 2023ஆம் வருட 575க்குப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் அது 22 பந்தயமும், புள்ளி கிடைக்கும் ஸ்பிரின்ட் என்ற குறும்போட்டிகள் சிலவும் கொண்ட வருடம் என்பதையும் எழுதிவையுங்கள்.

காரையும் சாரதியையும் பிரிக்கும் படி

இதுதான் இந்த வேலையின் நடுவம். இங்கே அவசரப்படாதீர்கள்.

வன்னியில் மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. வெற்றிபெற்ற வண்டியைப் பார்த்து வண்டியோட்டியை மட்டும் புகழ்ந்துவிட்டு ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. நாம்பன் சோடி யாருடையது, எந்தப் பிரிவில் ஓடியது, எதிரில் நின்ற சோடி எப்படி என்று கேட்டுத்தான் திடலை விட்டு நகர்வார்கள். அதே சோடியை இன்னொருவர் பிடித்தபோது என்ன நடந்தது என்பதும் கதையில் வரும். ஃபோர்முலா வன்னிலும் கேட்கவேண்டிய கேள்வி அதுவே, அதற்கு விடை சொல்லக்கூடிய ஒருவரும் அங்கே இருக்கிறார்: அணித் தோழர். ஒரு அணி இரண்டு காரை இறக்குகிறது. கார் ஒரே வகை, எஞ்சின் ஒரே வகை, பாதை ஒன்று, நாள் ஒன்று. மாறுவது சாரதி மட்டும்.

2023ஐப் பாருங்கள். வெர்ஸ்டப்பன் 22இல் 19 வெற்றி. "கார் அப்படி" என்று ஒருவர் சொல்வார். சரி, அதே காரில் செர்ஜியோ பெரஸ் எத்தனை வென்றார்? இரண்டு. புள்ளிகள் 575க்கு 285. கார் சிறந்தது என்பதும் உண்மை, அந்தக் காரிலிருந்து மற்றவர் எடுக்காததை வெர்ஸ்டப்பன் எடுத்தார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள்.

சிறந்த பாடம் மக்லாரன் அணியின் 1988, 1989. சென்னாவும் புரொஸ்ட்டும் இரண்டு வருடம் ஒரே அணியில் ஓடினார்கள். 1988இல் 16 பந்தயங்களில் 15ஐ அந்த அணி வென்றது, ஆகவே காரைப் பற்றிய கதையை ஒதுக்கி வைக்கலாம். போல், அதாவது தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிகாண் சுற்றில் முதலிடம், சென்னாவுக்கு ஒவ்வொரு வருடமும் 13. 1988இல் புரொஸ்ட்டுக்கு இரண்டு மட்டும். ஒரு சுற்று வேகம் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. வெற்றிகளும் இரண்டு வருடத்தில் சென்னாவுக்கு 14, புரொஸ்ட்டுக்கு 11. ஆனால் எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் புரொஸ்ட் 186, சென்னா 154. வேகமாக ஓடியவர் ஒருவர், அதிகம் சேர்த்தவர் மற்றவர். முதல் படியில் கேள்வியைப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான். சென்னாவை நெஞ்சில் வைத்திருக்கும் பலர் புரொஸ்ட்டை ஒரு பயந்த கணக்குப்பிள்ளை போலப் பேசுகிறார்கள், அது அநியாயம். சென்னாவின் முழு வேகத்தையும் பக்கத்துக் காரில் வைத்துக்கொண்டு அவரைவிட அதிகம் சேர்த்த ஒருவரை அப்படிச் சொல்லக்கூடாது.

ஹமில்டனுக்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு. 2010 முதல் 2012 வரை ஜென்சன் பட்டனோடு மக்லாரனில் ஓடினார். வெற்றிகள் ஹமில்டனுக்கு 10, பட்டனுக்கு எட்டு. மூன்று வருடப் புள்ளி மட்டும் பட்டனுக்கு 672, ஹமில்டனுக்கு 657. ஹமில்டனைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இதைத் தூக்கிக் காட்டுவார்கள். அப்போது 2007ஐ எடுத்துக் காட்டுங்கள்: அதுதான் ஹமில்டனின் முதல் வருடம், பக்கத்துக் காரில் முந்தைய இரண்டு வருடமும் உலக சம்பியனான பெர்னாண்டோ அலொன்சோ. முடிவில் இருவருக்கும் 109 புள்ளி, வெற்றியும் ஆளுக்கு நான்கு. புதிதாக வந்த ஒருவர் நடப்புச் சம்பியனோடு சரிக்குச் சரி நின்றார். ஒரே ஒரு அணித் தோழரை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். குறைந்தது இரண்டு பேராவது வேண்டும்.

அடுத்தது சங்கிலி. இரண்டு சாரதிகள் ஒரே அணியில் ஓடாவிட்டாலும், இருவரோடும் ஓடிய மூன்றாமவர் ஒருவர் இருக்கலாம். கிளார்க்கையும் ஸ்டூவர்ட்டையும் ஒப்பிட கிரகாம் ஹில் உதவுவார். 1965இல் பிஆர்எம் அணியில் ஹில்லுக்கு இரண்டு வெற்றி, முதல் வருடம் ஓடிய ஸ்டூவர்ட்டுக்கு ஒன்று. தொடரில் ஹில் இரண்டாவது, ஸ்டூவர்ட் மூன்றாவது. 1967இல் அதே ஹில் லோட்டஸில் கிளார்க்கின் பக்கத்தில் நின்றார். கிளார்க்குக்கு நான்கு வெற்றி, ஹில்லுக்கு ஒன்றும் இல்லை. இதிலிருந்து கிளார்க் ஸ்டூவர்ட்டைவிட மேல் என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஸ்டூவர்ட் 1965இல் புதியவர், 1969இலிருந்து வேறு ஆள். மூன்று முறை உலக சம்பியனானது அந்த வருடத்திலிருந்துதான். சங்கிலி திசையைக் காட்டும், தூரத்தைக் காட்டாது.

சங்கிலி முழுதாக வழி தவறும் இடமும் உண்டு. 2010இல் நிக்கோ ரொஸ்பேர்க் மேர்சிடிஸ் அணியில் ஷூமாக்கரை 142க்கு 72 என்று பின்னால் விட்டார். பிறகு அதே ரொஸ்பேர்க்கை ஹமில்டன் நான்கு வருடத்தில் மூன்றில் முந்தினார். ஆகவே ஹமில்டன் ஷூமாக்கரைவிட எவ்வளவோ மேல் என்று கணக்கு முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வைத்திருப்பது 41 வயதில், மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்த ஷூமாக்கரை. 2002ஆம் வருட ஷூமாக்கரைப் பற்றி அந்தச் சங்கிலி ஒன்றும் சொல்லவில்லை. சங்கிலியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அப்போதைய வயதையும் எத்தனையாவது வருடம் என்பதையும் எழுதுங்கள்.

உடைந்த காருக்குத் தனி நிரல்

இன்றைய கார்கள் பந்தயத்தை முடிப்பது வழக்கம். 1960களிலும் 1980களிலும் எஞ்சின் வெடிப்பதும், எண்ணெய் ஒழுகுவதும், கியர்ப்பெட்டி போவதும் வாராவாரம் நடந்தவை. கிளார்க்கின் இரண்டு உலகப் பட்டங்கள் எண்ணெயில் போயின. 1962இல் கடைசிப் பந்தயம் தென்னாபிரிக்காவில். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது எண்ணெய் ஒழுகிக் கார் நின்றது, பட்டம் ஹில்லுக்கு. 1964இல் கடைசிப் பந்தயம் மெக்சிக்கோவில். அங்கும் முன்னணியில், அங்கும் எண்ணெய், பட்டம் சர்ட்டீஸுக்கு. பதிவேட்டில் கிளார்க்குக்கு இரண்டு பட்டங்கள் என்றுதான் இருக்கும்.

ஆகவே முடிக்காத பந்தயங்களை இரண்டாகப் பிரியுங்கள்: இயந்திரம் கைவிட்டவை, சாரதி தவறவிட்டவை. முதலாவதை எடுத்துவிட்டு வீதத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்தில் காரை நோகாமல் ஓட்டுவதும் ஒரு திறமைதான். கியரை அடித்து மாற்றுகிறவரின் பெட்டி சீக்கிரம் போகும். கராஜில் வேலை செய்கிற எவரையும் கேளுங்கள், வண்டியைத் திறந்தவுடன் ஓட்டியவரின் கையைச் சொல்வார்.

உயிர் ஆபத்தைக் கணக்கில் சேர்ப்பது

ஃபாங்கியோவின் காலத்தில் பெல்ட் இல்லை. மரங்களும் வீட்டுச் சுவர்களும் பாதை ஓரத்தில் நின்றன. இன்று பந்தயம் 305 கிலோமீற்றர் அளவில் முடிகிறது. அன்று 500 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம் என்று ஓடிய நாட்கள் இருந்தன. 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஸ்டூவர்ட்டின் கார் மழையில் பாதையை விட்டுப் பாய்ந்தது. உடல் முழுக்கப் பெற்றோல் நனைந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கால் சிக்கி, 25 நிமிடம் அளவில் காருக்குள் கிடந்தார். அவரை எடுத்தது மீட்புக் குழு அல்ல, கூட ஓடிய கிரகாம் ஹில்லும் பொப் பொண்டுரன்டும். அதற்கான ஸ்பனரைப் பார்வையாளர் ஒருவரிடம் வாங்கினார்கள். அதன்பிறகு ஸ்டூவர்ட் பெல்ட்டுக்கும், தடுப்புக்கும், மருத்துவருக்கும் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். சிலர் அவரைக் கோழை என்றார்கள். நான் அவரை என் பட்டியலில் மேலே வைப்பதற்கு அந்தக் குரலும் ஒரு காரணம், அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கிளார்க் 1968 ஏப்ரலில் ஹொக்கன்ஹைமில் இறந்தபோது வயது 32. யோகன் ரின்ட் 1970இல் மொன்சாவில் இறந்த பிறகு, அந்த வருடத்தின் சம்பியனாக அறிவிக்கப்பட்டார். சென்னா 1994 மே 1இல் இமோலாவில், 34 வயதில் போனார். முதல் நாள்தான் அதே இடத்தில் ரோலண்ட் ரட்சன்பேர்கர் இறந்திருந்தார். இவர்களின் வெற்றிகளை 40 வயது வரை ஓடியவர்களின் வெற்றிகளோடு எண்ணி நிறுத்துவது எந்த வகையில் நியாயம்? பாதியில் நின்றுபோன வாழ்க்கையை எண்ணிக்கையால் அளக்கக்கூடாது என்று வன்னியில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இப்படியானவர்களுக்கு முழு வாழ்க்கையை எடுக்காமல், எல்லோருக்கும் சிறந்த ஐந்து வருடத்தை எடுத்து ஒப்பிடுங்கள். அப்போதுதான் கிளார்க் சரியான உயரத்தில் நிற்பார்.

ஆபத்து சாரதியின் முடிவுகளையும் மாற்றியது. 1976 ஓகஸ்ட் 1இல் நூர்பூர்க்ரிங்கில் தீயில் எரிந்த நிக்கி லௌடா ஆறு வாரத்தில் மொன்சாவில் திரும்ப ஓடி நான்காவதாக வந்தார். அதே வருடம் கடைசிப் பந்தயத்தில், ஃபூஜியின் கொட்டும் மழையில், ஓட்டமுடியாது என்று தானாகவே காரை நிறுத்தினார். ஒரு புள்ளியால் பட்டம் ஜேம்ஸ் ஹன்டுக்குப் போனது. இந்த இரண்டு முடிவுகளையும் ஒரே மனிதர் எடுத்தார் என்பதைப் புள்ளி அட்டவணை காட்டாது.

இது பழைய கதை மட்டும் என்று நினைக்கவேண்டாம். 2024 ஏப்ரலில் எங்கள் நாட்டிலேயே, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில், கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். போட்டி பார்க்கப் போகிறவர்கள் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கவே நிற்காதீர்கள்.

படங்களையும் கணினிக் கணக்கையும் எப்படிப் பார்ப்பது

எண்கள் முடிந்த பிறகுதான் பழைய பந்தயங்களின் படங்களைப் பார்க்கவேண்டும். முதலே பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஃபாங்கியோவுக்கு 1957 ஜேர்மன் கிராண்ட் பிரி. ஒரு சுற்று 22.8 கிலோமீற்றர். ரயர் மாற்றவும் பெற்றோல் நிரப்பவும் நின்றதில் முன்னணி போனது. இரண்டு ஃபெராரிகள், ஹோதோர்னும் கொலின்ஸும், முக்கால் நிமிடத்துக்கு மேல் முன்னுக்குப் போய்விட்டார்கள். 46 வயது ஃபாங்கியோ சுற்றுக்குச் சுற்று சாதனையை உடைத்தார். தகுதிகாண் சுற்றில் அவருடைய நேரம் 9 நிமிடம் 25.6 செக்கன், பந்தயத்தில் 9 நிமிடம் 17.4. கடைசிக்கு முந்தைய சுற்றில் இருவரையும் தாண்டி 3.6 செக்கனால் வென்றார். அவருடைய கடைசி வெற்றியும் அதுவே.

கணினிக் கணக்குகளும் இருக்கின்றன. 2016இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1950 முதல் 2014 வரையான முடிவுகளை எடுத்து, அணியின் பங்கைப் பிரித்துப் பார்த்தபோது ஃபாங்கியோ முதலாவதாக வந்தார். சாரதியைவிட அணியின் பங்குதான் மிகப் பெரியது என்பதும் அதில் தெரிந்தது. 2020இல் ஃபோர்முலா வன்னும் அமேசானின் கணினிப் பிரிவும் வெளியிட்ட பட்டியலில் சென்னா முதலாவது, ஷூமாக்கர் இரண்டாவது, ஹமில்டன் மூன்றாவது. ஃபாங்கியோவின் பெயரே இல்லை. காரணம், அது 1983க்குப் பிறகான தகுதிகாண் சுற்று வேகத்தை மட்டும் எடுத்தது. அதில் ஹெய்க்கி கொவலைனன் எட்டாவதாக வந்ததைப் பார்த்துப் பலர் திகைத்தார்கள். கணக்கு பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்வி சின்னது. எந்தப் பட்டியல் கண்ணில் பட்டாலும் எந்த வருடங்கள், எதை அளந்தார்கள் என்று முதலில் தேடுங்கள்.

எங்கள் ஆட்களுக்கும் இதே அளவுகோல்

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணியில் ஃபோர்முலா வன்னுக்கு வந்தார். தமிழ்ப் பிள்ளை ஒருவர் அந்த மேடையில் நின்றது எனக்குப் பெருமைதான். அவர் அந்த வருடம் எடுத்த ஐந்து புள்ளிகளும் இன்டியானாபொலிஸில் நான்காவதாக வந்ததில் கிடைத்தவை. அன்று ரயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகிக்கொண்டன, ஓடியது ஆறு. அவருடைய அணித் தோழர் தியாகோ மொன்டெய்ரோ மூன்றாவது. ஆகவே அந்த ஐந்து புள்ளியை வைத்து நரேனை உயர்த்தவும் வேண்டாம், ஓடியது ஆறு கார்தானே என்று இறக்கவும் வேண்டாம். மொன்டெய்ரோவோடு வருடம் முழுக்க நடந்த தகுதிகாண் சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவருடைய உண்மையான அளவு அங்கேதான் இருக்கிறது.

என்னுடைய விடையைக் கேட்டால்: ஒரு சுற்றுக்குச் சென்னா, ஒரு வருடத்துக்குப் புரொஸ்ட், எல்லாம் சேர்த்துக் கிளார்க்கும் ஃபாங்கியோவும். இந்த இருவருக்குள் கிளார்க்கை ஒரு படி முன்னுக்கு வைக்கிறேன், அந்த இரண்டு எண்ணெய் ஒழுக்குகளுக்காக. ஹமில்டனை மூன்றாவதாக எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

நீங்கள் தொடங்கவேண்டிய சோடி லௌடாவும் புரொஸ்ட்டும், மக்லாரன், 1984. பதினாறு பந்தயம்தான், ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம். புரொஸ்ட்டுக்கு ஏழு வெற்றி, லௌடாவுக்கு ஐந்து, பட்டம் அரைப் புள்ளியால் லௌடாவுக்கு. ஒரு பக்கத்தில் பந்தயங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தகுதிகாண் இடம், முடிவு, நின்றிருந்தால் காரணம் என்று மூன்று நிரல் போடுங்கள். மொனாக்கோவுக்கு வந்ததும் நிறுத்திக் கவனியுங்கள்: மழையால் பந்தயத்தைப் பாதியில் முடித்து அரைவாசிப் புள்ளி கொடுத்தார்கள், வென்ற புரொஸ்ட்டுக்கு 4.5. பின்னால் சென்னா சின்ன அணியின் காரில் நெருங்கிக்கொண்டிருந்தார். பந்தயம் முழுதாக ஓடி, சென்னா முந்தியிருந்தாலும், இரண்டாவதாக வந்த புரொஸ்ட்டுக்கு ஆறு புள்ளி கிடைத்திருக்கும். அந்த வருடச் சம்பியன் யார் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். அதன்பிறகு 2007இன் ஹமில்டனையும் அலொன்சோவையும் எடுங்கள்.